நாற்பத்தொன்றாவது கையெழுத்து

நாற்பத்தொன்று. வேறு எது மறந்தாலும் இந்த எண்ணை மறக்க வேண்டாம். ஒரு சர்க்கஸ் கம்பெனி, கூடார வாசலில் எடுத்துக்கொண்ட குழுப் படத்தில் உள்ள தலைகள் நாற்பத்தொன்று. யானையைக் கணக்கில் சேர்க்கவில்லை. யானை கையெழுத்துப் போடாது. மற்ற நாற்பத்தொரு பேரின் காலடியிலும் கையெழுத்து இருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் இருபத்தாறு வருஷம் நாயாக அலைந்தார். நாற்பது தேறியது. ஒன்று தேறவில்லை.

அந்த மனிதருக்குத் தொழில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மின்விசிறி, புகைந்துபோன தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் கடைக்கு வரும். கருகிய கம்பியை உளியால் வெட்டி உருவி எறிவார், புதுச் செம்புக் கம்பி சுற்றுவார், வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். கடை ஒரே ஒரு ஷட்டர் அகலம். உள்ளே காலை வைத்தால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறிக் குடித்தனம் பண்ணும். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காயில் என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார்.

சர்க்கஸ் அவரைத் தொற்றிக்கொண்டது இளவட்டத்தில். ஊருக்கு வந்த ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. இவரைக் கூப்பிட்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் சரிபண்ணிக் கொடுத்தார். கூலியோடு ஒரு கோமாளி தன் படத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்று பிடித்த அரிப்பு விடவே இல்லை. சர்க்கஸ் எங்கே கூடாரம் அடித்தாலும் கூடாரத்துப் பின்பக்கம் போய் நிற்பார். சுவரொட்டி, டிக்கெட், படம், எதிலாவது ஒரு கையெழுத்து. வீட்டில் ஒரு பீரோ நிறைந்தது. துணிமணி கட்டிலுக்கு அடியில் போனது.

இந்த அரிப்பு உள்ளவர்களுக்கு ஒரு சங்கமும் இருந்தது. ஒரு லாட்ஜின் மாடியில் மாதம் ஒரு முறை கூடுவார்கள். அங்கே என்னென்ன கொண்டுவருவார்கள் தெரியுமா? ஊஞ்சலிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவளின் மாவுக்கட்டு. அறுத்து எடுத்ததை ஒட்டவைத்து, மேலே அவள் கையெழுத்து. உள்ளே ஒட்டியிருந்த தோலும் முடியும் அப்படியே. அதற்குக் கண்ணாடிப் பெட்டி. கம்பி மேல் நடந்து, விழுந்து செத்தவனின் உள்பனியன், துவைக்காதது. வியர்வைக் கறை இருந்தால் மதிப்பு, வெளுத்திருந்தால் மதிப்பில்லை. பெரிய மனிதர்கள், கை கழுவாமல் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதவர்கள், செத்தவனின் பனியனை மூக்கருகே கொண்டுபோய், "அசல்தான்" என்று தலையாட்டுவார்கள்.

ஒரு சாட்டையும் இருந்தது. பல கம்பெனிகளில் பயிற்சி கொடுத்த ஒருவன், வாத்தியார் என்று பெயரெடுத்தவன், கைப்பிடியில் தன் கையெழுத்தைச் செதுக்கியிருந்தான். அதன் நுனியில் துணி சுற்றியிருந்தது. மற்றச் சாட்டைகளில் அப்படி இல்லாததால் அது அபூர்வமாம். கைக்குக் கை மாறி வரும், எல்லோரும் முகர்வார்கள். காயிலும் முகர்ந்திருக்கிறார். ரசித்தும் இருக்கிறார்.

அவருடைய குழுப் படத்திலும் இந்த வாத்தியார் நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் தரையில் சின்னப் பிள்ளைகள் ஒரு வரிசை. பிள்ளைகளின் காலடியில் இருந்த பெயர்கள் எல்லாம் ஒரே கையெழுத்து, வாத்தியாரின் கையெழுத்து. பிள்ளைகளுக்குப் பதில் அவனே போடுவது கம்பெனி வழக்கம். அதைப் பார்த்து ஒருத்தருக்காவது உறுத்த வேண்டாமா? உறுத்தவில்லை. சங்கத்தில் அதற்கு ஒரு விதியே வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பெயர் வாத்தியார் கையில் இருந்தால் படம் அசல், வேறு கையில் இருந்தால் போலி; வளர்ந்த பிள்ளை தானே போட்டால் மட்டும் விலக்கு. காயிலும் பூதக்கண்ணாடி வைத்து அந்தச் சுழிகளைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர்தான். பெரியவர்களில் சிலர் படம் கைக்கு வந்த அன்றே போட்டிருந்தார்கள். மற்றவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து, சிலரிடம் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் நின்றுகூட, வாங்கிவிட்டார்.

பிள்ளைகள் வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் குழந்தை. ரப்பர் பாப்பா என்று விளம்பரத்தில் போட்டிருந்த குழந்தை. உடம்பை வளைத்துக் குதிகாலால் தலையைத் தொடும். அதன் காலடி மட்டும் வெறுமையாக இருந்தது.

வருகிற கண்காட்சியில் மேடை நடுவில் எந்தப் பொருளை வைப்பது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது, தலைவர் இந்தப் படத்தைக் காட்டினார். தலைவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்த பிறகும் போடமாட்டார்.

"நம்ம காயிலோட படம்தான் நடுவுல இருக்கணும். ஆனா ஒரு குறை இருக்கே. நாற்பத்தொண்ணும் நிறைஞ்சிருந்தாத்தான் நடு மேடை. அது சங்கத்து விதி. அந்த ஒண்ணை வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா, உங்களுக்கும் மேடையில நாற்காலி."

மேடையில் நாற்காலி. காயிலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரை யாரும் எந்த மேடையிலும் ஏற்றியதில்லை. மகள் கல்யாணத்திலேயே மண்டபத்து ஜெனரேட்டர் மக்கர் பண்ண, பாதி நேரம் பின்னால் கிரீஸ் கையோடு குந்தியிருந்தார். குடும்பப் படத்தில் அவர் கிடையாது. அந்த நாற்காலிமேல் அவருக்கு எவ்வளவு ஆசை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

சங்கத்துக்குச் சாமான் பிடித்துக் கொடுக்கிற தரகர் ஒருவன் உண்டு. எதையும் செய்தித்தாளில் சுற்றியே கொண்டுவருவான், அதனால் பொட்டலம். அவன்தான் துப்புக் கொண்டுவந்தான்.

"அண்ணே, ரப்பர் பாப்பா உயிரோட இருக்கு. பக்கத்து ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க துணி வெளுக்கிற இடத்துல வேலை. பாத்து நடந்துக்கங்க, வாய் ஒரு மாதிரி."

வீட்டில் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருபத்தாறு வருஷமா அந்தப் படத்தைத் துடைக்கிறீங்க. ஒரு நாளாச்சும் இந்த அடுப்பு மேடையைத் துடைச்சிருக்கீங்களா? எனக்கு ஒரு சக்களத்தி இருந்தா போதாதா, நாற்பத்தொரு பேரா?"

"இதோட முடிஞ்சுடும்டி. இந்த ஒண்ணுதான்."

"நாற்பதுலயும் இதையேதான் சொன்னீங்க. போயிட்டு வாங்க. வெறுங்கையோட போகாதீங்க, ஒரு பொம்பளையைப் பார்க்கப் போறீங்க. பழமாவது வாங்கிட்டுப் போங்க."

பழம் வாங்க மறந்தார். பேனா வாங்க மறக்கவில்லை. தண்ணீர் பட்டாலும் வெயில் பட்டாலும் அழியாத மை, படத்தாளில் எழுதவென்றே வருகிற பேனா. படத்தை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், பிணவறையைத் தாண்டித் துணி வெளுக்கிற கூடம். வாசலிலேயே ஆவி முகத்தில் அடித்தது. பிளீச்சிங் பவுடர் நெடி, அதற்கு அடியில் ரத்தமும் மூத்திரமும் கலந்த நெடி. வார்டு வாரியாக மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஒரு ஒல்லியான பெண், நரைத்த கொண்டை, விறைப்பாக நிமிர்ந்து நின்றபடி, நீளக் கொக்கிக் கம்பியால் தரையில் கிடந்த போர்வையைத் தூக்கித் தொட்டியில் போட்டாள். கீழே விழுந்த ஒரு தலையணை உறையையும் கம்பியால்தான் எடுத்தாள். காயில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் புரிந்துகொண்டார். ரப்பர் பாப்பாவால் குனிய முடியவில்லை.

"யாரு சார்? துணி வாங்குற கவுண்டர் அந்தப் பக்கம்."

"துணிக்கு வரலம்மா. உங்களைப் பார்க்கத்தான். நீங்க அந்தக் காலத்துல சர்க்கஸ்ல..."

"போச்சுடா. இன்னும் எத்தனை பேர்டா இருக்கீங்க?"

"முன்னாடி யாராச்சும் வந்தாங்களா?"

"போன மாசம் ஒருத்தன் வந்தான், கையில பேப்பர் சுத்தின பொட்டலம். நான் ஆட்டத்துல போட்ட சட்டை இருக்கான்னு கேட்டான். துவைக்காததா இருந்தா ரொம்ப நல்லதாம். இங்க இத்தனை அழுக்கு மூட்டை கிடக்கே, மூக்குக்குப் பிடிச்சதை எடுத்துட்டுப் போடான்னேன். ஓடிட்டான்."

காயில் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை. துணி மடிக்கிற மேஜைமேல் கட்டைப் பிரித்துப் படத்தை வைத்தார். அவள் ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல் எட்டிப் பார்த்தாள்.

"அட, எல்லாரும் இருக்காங்க. இவ ராத்திரி படுக்கையை நனைச்சுடுவா, காலையில வரிசைக்கே அடி விழும். இவன் ரொட்டி திருடுவான், எனக்கும் ஒரு துண்டு தருவான். நல்ல பய. இதென்ன காலடியில எழுத்து?"

"அதுதாம்மா எல்லாரோட கையெழுத்தும்."

"எங்களோடதுமா? எங்களுக்கு எழுத்தே தெரியாதே அண்ணே. கூடாரத்துல யாரு வந்து பள்ளிக்கூடம் நடத்துனா?"

"வாத்தியார் போட்டிருக்காரு. உங்களுக்குப் பதிலா."

"படிங்க பார்ப்போம்."

படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். அதெல்லாம் அவன் வைத்த பெயராம். பழைய பெயரைச் சொன்னால் அன்று சோறு கிடையாது. சொல்லாவிட்டாலும் பாதி வயிற்றுக்குத்தான். நிறையத் தின்றால் உடம்பு வளையாது. விடிந்ததும் குப்புறப் படுக்கவைத்து, சூடான எண்ணெயைத் தேய்த்து, ஒருத்தன் இடுப்பின்மேல் உட்காருவான், வாத்தியார் இரண்டு காலையும் பிடித்துத் தலைப்பக்கம் இழுப்பான். கத்தினால் இன்னும் கொஞ்சம் இழுப்பான். இதையெல்லாம் அவள் ஏதோ சமையல் பக்குவம் சொல்வதுபோல, கொக்கிக் கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்.

"உங்க காலடி மட்டும் ஏன் காலியா இருக்குன்னு சங்கத்துல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. மை தீர்ந்துடுச்சுன்னு ஒருத்தர். மழை வந்துடுச்சுன்னு ஒருத்தர்."

"மையும் தீரல, மழையும் வரல. ஒவ்வொருத்தரா மேஜைகிட்டக் கூப்பிட்டு, படத்துல நீ எங்க இருக்கேன்னு காட்டச் சொல்லி எழுதிக்கிட்டு வந்தான். நான் கடைசி. விரலை வைக்கத் தெரியாம முழிச்சேன். சடையைப் பிடிச்சு மூஞ்சியைப் படத்துல வச்சுத் தேய்ச்சான். கடிச்சிட்டேன்."

"கடிச்சீங்களா?"

"கட்டைவிரல். நல்லா, பல்லு எலும்புல படுற வரைக்கும். அதுக்கப்புறம் எங்க பேனா பிடிக்கிறது?" பழைய சினிமாச் சண்டையை ரசிப்பவள்போலச் சிரித்தாள். "அன்னைக்கு வாங்கின அடியில ரெண்டு ஆட்டத்துக்கு நான் இறங்கல. ஆமா, அந்தாளு சாமான் வேற என்ன வச்சிருக்கீங்க?"

"ஒரு சாட்டை இருக்கு. சிங்கத்துக்கு வச்சிருந்தது."

"நுனியில துணி சுத்தியிருக்குமே?"

"ஆமா. அது ரொம்ப அபூர்வம்னு..."

"சிங்கத்துக்கு எதுக்கு அண்ணே துணி சுத்துறான்? சிங்கத்துக்கு வேற சாட்டை. இது எங்களுக்கு. தோல் கிழிஞ்சா ஆட்டத்துல ஜனங்க கண்ணுல படும்ல. துணி சுத்தி அடிச்சா உள்ளுக்குள்ளயே கன்னிப்போகும், மேல தெரியாது."

காயிலுக்கு மூக்கில் அந்தச் சாட்டையின் நாற்றம் வந்தது. பழந்தோலும் ஏதோ எண்ணெயும். எத்தனை தடவை முகர்ந்து, "என்ன வாசம்" என்று சொல்லியிருப்பார்.

இவ்வளவும் கேட்டபிறகு அந்த மனிதர் என்ன செய்தார்? பேனாவை எடுத்து நீட்டினார். ஆமாம், நீட்டினார். நாற்காலி ஆசை என்பது அப்படிப்பட்டது, சட்டை வேறு தைத்தாகிவிட்டது. எழுதத் தெரியாவிட்டால் ஒரு கோடு இழுத்தாலும் போதும் என்றும் சொன்னார்.

அவள் பேனாவை வாங்கினாள். மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் ஒரு கோடு போட்டு, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"அழியாதா?"

"தண்ணி பட்டாலும் போகாது."

"நல்லதாப் போச்சு. எங்களுக்குக் குடுக்குற மை ரெண்டு வெளுப்புக்குத் தாங்கல. எல்லா வார்டுத் துணியும் கலந்துபோகுது, திட்டு எனக்கு விழுது." அங்கேயே ஒரு போர்வையின் ஓரத்தை இழுத்து வார்டு எண்ணைக் கொட்டைக் கொட்டையாக எழுதினாள். எண் மட்டும் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். பேனா அவள் இடுப்பில் போனது. "போயிட்டு வாங்க அண்ணே. அடுத்த தடவை வந்தா இன்னும் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

"உங்க நிஜப் பேராவது சொல்லுங்கம்மா. எழுதல. தெரிஞ்சுக்கத்தான்."

"எதுக்கு? பீரோவுல வைக்கவா?"

வாசல் குழாயில் அங்கே கிடந்த துணிசோப்பை எடுத்துக் கையைத் தேய்த்தார். மூக்கையும் தேய்த்தார். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர், "என்ன சார், ஆஸ்பத்திரியில வேலையா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மண்டபத்தில் சங்கம் கூடியது. நடு மேடையில் தாங்கி தயார், விளக்கு தயார். தலைவர் ஓடிவந்தார், பின்னால் பொட்டலம்.

"கிடைச்சுதா?"

"கிடைக்கல. போட மாட்டாங்க." நடந்ததைச் சொன்னார். கடித்ததை, எண்ணெயை, துணி சுற்றிய சாட்டையை. ஒன்றையும் விடவில்லை.

தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "பாவம்தான். அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்திருக்கு. ஆனா கடிச்ச கதை இருக்கு பாருங்க, பிரமாதம்! கீழ வைக்கிற விளக்க அட்டையில போட்டா படத்தோட மதிப்பே வேற."

பொட்டலம் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, இதுக்கா மண்டையை உடைச்சுக்கறீங்க? ஒரு சுழி. நீங்களே போட்டுடுங்க. வாத்தியார் போட்டது செல்லும்னா நீங்க போட்டது செல்லாதா? பிள்ளைங்களுக்குப் பதிலா யாரோ ஒருத்தர் போடணும், அவ்வளவுதானே?"

தலைவர் வேறு பக்கம் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

காயிலுக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. பொட்டலம் சொன்னதில் தப்பே கிடையாது. இருபத்தாறு வருஷமாக அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது அதைத்தான். பிள்ளையின் சடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்ட சுழி. மாவுக்கட்டுப் பெட்டியைச் சுற்றி நான்கு பேர் குனிந்து நின்று, அந்த முடி கால் முடியா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காயில் படத்தோடு மேடை ஏறி, அதைத் தாங்கியில் வைத்தார். கூப்பிடாமல் ஏறினார். மைக் உறுமியது. அவரே குனிந்து ஒயரைச் சரிபண்ணிவிட்டுப் பேசினார்.

"எனக்குப் பேச வராது. ஒரு தீர்மானம் கொண்டுவரேன். வாத்தியார் கையெழுத்து இருந்தா அசல்ங்கற விதியை இன்னியோட எடுக்கணும். எந்தப் படத்துல பிள்ளைங்க பேரை அந்தாளு எழுதியிருந்தாலும், இது பிள்ளைங்க போட்டதில்ல, அவங்க பேரும் இல்லன்னு அட்டையில பெரிசா எழுதணும். சாட்டைக்குக் கீழ அது யாரை அடிச்ச சாட்டைன்னு எழுதணும். என் படத்துல இருந்தே ஆரம்பிக்கலாம்."

"காயில், கீழ இறங்குங்க," என்றார் தலைவர். "நாளைக்குக் குடும்பம் குடும்பமா வருவாங்க. ரசிக்க வர்ற இடத்துல எழவு வீடு மாதிரி அட்டை எழுதி வைக்கிறதா?"

"பின்ன அந்த மாவுக்கட்டு என்ன, கல்யாண வீட்டுச் சாமானா?"

பின்வரிசையில் ஒரு குரல்: "அப்போ எங்க படமெல்லாம் குப்பையா? நான் ஏழு வச்சிருக்கேன்!"

"குப்பைன்னு சொல்லல. என்னன்னு எழுதுங்கறேன்."

"உங்களுக்குக் கையெழுத்துக் கிடைக்கலன்னு எங்க வயித்துல அடிக்காதீங்கய்யா!"

கூட்டம் கைதட்டியது. தலைவர் மைக்கை வாங்கப் பார்த்தார். "சரி சரி. இது அப்புறம் நிதானமா பேச வேண்டிய விஷயம்..."

"இப்பவே. வாயால ஆமா இல்லன்னு முணுமுணுக்க வேண்டாம், கை தூக்கச் சொல்லுங்க. தீர்மானம் ஜெயிச்சா படம் இந்த மேடையில இருக்கும். தோத்தா என்னோட வீட்டுக்கு வந்துடும். உங்க நாற்காலியும் எனக்கு வேண்டாம்."

தாங்கியிலிருந்து படத்தை இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார். தலைவருக்கு வேறு வழி இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். மண்டபத்தில் அன்று இருந்த உறுப்பினர்கள் இருபத்தொன்பது. தலைவர் விரலை நீட்டி ஒவ்வொரு வரிசையாக எண்ணினார். காயில் தன் கையைத் தூக்கியபடி முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

உயர்ந்த கைகள்: நான்கு.